நினைவு மலரில் கணக்கு நோட்டுக்கும் இடம் கொடுங்கள்

மளிகைக் கடை, அச்சகம், பாத்திரக் கடை, லேத் பட்டறை, தையற்கடை என்று ஏதோ ஒரு சிறுதொழிலை ஆயுள் முழுக்க நடத்தி, எண்பதும் தொண்ணூறும் கண்டு மறைந்த பெரியவர்களின் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்,

உங்கள் வீட்டுப் பெரியவர் காலமானதும் ஊர் செய்யும் மரியாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. கடைவீதியில் கடையடைப்பு, கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி, பதினாறாம் நாள் காரியத்தில் படத்திறப்பு, வசதி இருந்தால் ஓராண்டு நிறைவில் ஒரு நினைவு மலர். அந்த மலர்களில் பத்தைச் சேர்த்து வைத்துப் படித்தால் ஆளுக்கு ஆள் பெயரும் ஊரும்தான் மாறியிருக்கும். வள்ளல், கொடையுள்ளம் கொண்டவர், பழகுவதற்கு இனியவர், குடும்பத்தின் ஆலமரம் என்ற சொற்கள் எல்லாவற்றிலும் இருக்கும். எந்தக் கோயில் குடமுழுக்குக்கு எவ்வளவு தந்தார், எந்தப் பள்ளிக்கு வகுப்பறை கட்டித் தந்தார், எந்த மேடையில் யார் பொன்னாடை போர்த்தினார்கள் என்பதெல்லாம் படங்களோடு இருக்கும். மக்கள், மருமக்கள், பேரன் பேத்திகள் பட்டியல் நான்கைந்து பக்கம் ஓடும். அவர் ஐம்பது அறுபது ஆண்டு உட்கார்ந்திருந்த கடையைப் பற்றி மட்டும் கடும் உழைப்பால் முன்னேறினார் என்ற ஒரு வரியோடு முடிந்துவிடும். அந்த ஒரு வரியை விரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஒரு சிறு வணிகரின் ஈகையில் பெரும்பகுதி அவர் கொடுத்த நன்கொடையில் இருப்பதில்லை, அவர் வியாபாரம் செய்த முறையிலேயே இருக்கிறது என்பது என் வாதம். பாக்கி வைத்தவரை எத்தனை நாள் பொறுத்தார், வேலைக்கு இருந்தவர் நோயில் படுத்தபோது அவருடைய சம்பளம் என்ன ஆயிற்று, சரக்குக்குத் தட்டுப்பாடு வந்த வாரத்தில் என்ன விலை சொன்னார், தொழிலில் அடி விழுந்தபோது அந்த நஷ்டத்தை யார் தலையில் இறக்கினார் என்ற நான்கு கேள்விகளுக்கும் உள்ள விடைதான் அவர் எப்படிப்பட்ட மனிதர் என்பதைச் சொல்லும். அந்த விடைகள் மேடையில் இல்லை. கடையின் கணக்கு நோட்டில் இருக்கின்றன, கடையில் வேலை பார்த்தவர்களின் நினைவில் இருக்கின்றன. நன்கொடை என்பது வருமானம் வந்து சேர்ந்த பிறகு, மிஞ்சியதிலிருந்து, ஒரு நாள் எடுக்கும் முடிவு. கடையில் காட்டிய பொறுமை வருமானம் வருமா வராதா என்று தெரியாத நிலையில், தினமும், யாரும் பாராட்டாத இடத்தில் எடுத்த முடிவு. இரண்டில் எது கடினம் என்று கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இது ஏன் ஊருக்குரிய விஷயம்? இந்திய அரசின் ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு 2013-இல் நடந்தது. பயிர்த்தொழிலும் அரசு நிர்வாகமும் நீங்கலாக நாட்டில் 5.85 கோடி தொழிலகங்கள் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 13.1 கோடிப் பேர் வேலை செய்வதாகவும் அது சொன்னது. வகுத்துப் பார்த்தால் ஓர் இடத்துக்கு இரண்டே கால் ஆள். இன்னொரு பக்கம் சட்டத்தைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான். பணிக்கொடைக்கும் பத்துப் பேர் வேண்டும். வருங்கால வைப்பு நிதிக்கு இருபது பேர். நான்கு பேர், ஆறு பேர் வேலை செய்யும் கடைக்கு இவற்றில் எதுவும் கட்டாயமில்லை. அங்கே வேலை பார்த்தவருக்குக் காய்ச்சல் வந்தால், கை முறிந்தால், மகளுக்குக் கல்யாணம் வந்தால், வயதாகிக் கண் மங்கினால் என்ன கிடைக்கும் என்பதைப் பெரும்பாலும் முதலாளியின் மனசுதான் தீர்மானித்தது. கோடிக்கணக்கான குடும்பங்களுக்கு இன்றுவரை இதுதான் நிலைமை. ஒரு மனிதரின் மனசு மற்றவர்களுக்குச் சட்டத்தின் இடத்தில் நின்றிருக்குமானால், அது எப்படி நடந்துகொண்டது என்பது அந்த வீட்டின் சொந்த விஷயமாக மட்டும் இருக்க முடியாது. அது ஊரின் வரலாறு.

அந்த வரலாற்றுக்குச் சான்று இருக்கிறது. நாள்வழி, பேரேடு, கடன் நோட்டு, சம்பள நோட்டு என்று கடைக்குக் கடை பெயரும் முறையும் மாறும். பல நோட்டுகளின் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும், அதற்குக் கீழே லாபம் என்ற சொல்லும் இருக்கும். கடை முதலாளி தன் கையால் எழுதியது, வேறொருவர் படிப்பார் என்ற எண்ணமே இல்லாமல் எழுதியது. அதனால்தான் நம்பத்தக்கது. தொண்ணூறு வயது வாழ்ந்த ஒருவரின் நோட்டுகள் முழுசாகக் கிடைத்தால் அதில் ஒரு நாட்டின் கதையே இருக்கும். 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தது. பதினாறு அணா ரூபாய் நூறு பைசா ரூபாயாக மாறியது. ஓரணா என்பது ஆறேகால் நயா பைசா. கால் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அரசு மாற்று அட்டவணை வெளியிட்டிருந்தாலும், ஓரணாவுக்கு விற்றுவந்த பொருளுக்குப் புதிதாக ஆறு பைசா என்று விலை குறிப்பதா ஏழு பைசா என்று குறிப்பதா என்பது கடைக்காரர் கையில் இருந்தது. ஏழு பைசா என்று வைத்தால் ஒருமுறைக்குக் கூடும் முக்கால் பைசா அற்பம். ஒரு நாளைக்கு ஐந்நூறு முறை கை மாறும் கடையில் அது 375 பைசா, அன்றைய மதிப்பில் அது ஓர் ஆளின் நாள் கூலியைத் தொடக்கூடிய தொகை. அதையடுத்த ஐந்தாண்டுகளுக்குள் வீசையும் பலமும் போய்க் கிலோவும் கிராமும் வந்தன. அங்கேயும் இதே பின்னம், இதே வாய்ப்பு, இதே சோதனை. கூட்டி எடுத்தவரும் இருந்தார், குறைத்து எடுத்தவரும் இருந்தார். உங்கள் தாத்தா எந்தப் பக்கம் இருந்தார் என்பதை அவர் நோட்டின் 1957-ஆம் ஆண்டுப் பக்கங்கள் சொல்லக்கூடும். குடமுழுக்கு நன்கொடையைவிட அந்தப் பக்கம் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு ஊரைப் புரட்டிப்போட்ட நாட்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல், 2004 டிசம்பர் 26-இன் ஆழிப்பேரலை, சென்னையும் கடலூரும் மூழ்கிய 2015, ஐந்நூறு ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போன 2016 நவம்பர் 8, காவிரி டெல்டாவின் தென்னைகளைச் சாய்த்த 2018-இன் கஜா புயல், ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச். உங்கள் ஊரைத் தொட்ட தேதி எதுவோ அதற்கு முந்தின வாரத்தையும் பிந்தின மூன்று மாதங்களையும் நோட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள். கடன் பாக்கி ஏறியிருக்கிறதா? அரிசி விலை ஏறியிருக்கிறதா? சம்பள வரியில் பெயர்கள் அப்படியே தொடர்கின்றனவா, இரண்டு மூன்று பெயர்கள் நின்றுபோயிருக்கின்றனவா? 2020 ஏப்ரலில் பூட்டிக் கிடந்த ஒரு நகல் கடையோ தையற்கடையோ வேலையாளுக்கு அரைச் சம்பளமாவது கொடுத்திருந்தால் அது கையிருப்பைக் கரைத்துக் கொடுத்தது. அப்படிக் கொடுத்தவர்களுக்கு எந்த மேடையிலும் பொன்னாடை போர்த்தவில்லை.

கடன் கொடுப்பதன் விலை என்ன என்பதை வெளியாட்கள் பெரும்பாலும் உணர்வதில்லை என்பதால் ஒரு சின்னக் கணக்கு. ஒரு மளிகைக் கடையில் எப்போதும் ஒரு லட்சம் ரூபாய் வெளியே பாக்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாக்கி வைத்தவர்களிடம் வட்டி கேட்பது வழக்கமில்லை. ஆனால் மண்டிக்காரர் தவணை முடிந்ததும் பணம் கேட்பார். அதைக் கட்டக் கடைக்காரர் வெளியில் கைநீட்டினால் நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டி. மாதம் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 24,000, பத்தாண்டில் 2,40,000. இந்தத் தொகைக்கு ரசீது கிடையாது, கல்வெட்டு கிடையாது. கூலி வராத மழைக்காலத்தில் இருபது முப்பது வீடுகளில் அடுப்பு எரிந்ததற்கு இதுதான் காரணம் என்று அந்த வீட்டாருக்கே முழுசாகத் தெரிந்திருக்காது. வாராக்கடன் என்று நோட்டின் கடைசியில் கோடு போட்டுத் தள்ளிய தொகையையும் சேர்த்தால் பல கடைக்காரர்கள் தம் ஆயுளில் தந்த எல்லா நன்கொடைகளையும் விட இது அதிகமாகவே வரும் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டை வைத்து நீங்களே கூட்டிப் பாருங்கள்.

கொடையும் வியாபாரமும் இப்படிப் பின்னிக் கிடப்பது நம் வணிகர்களுக்குப் புதிதும் அல்ல. நகரத்தார் கணக்குகளை ஆராய்ந்து டேவிட் ரட்னர் 1994-இல் வெளியிட்ட நூலின் முக்கியமான முடிவுகளில் ஒன்று இது: கோயிலுக்கும் தருமத்துக்கும் அவர்கள் ஒதுக்கிய மகமை தொழிலுக்கு வெளியே நின்ற தருமச் செலவாக இருக்கவில்லை, தொழில் நடைமுறையின் ஓர் அங்கமாகவே இருந்தது. நாடார் வணிகர்களைப் பற்றி ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் எழுதிய நூல் உறவின்முறைகள் என்ற ஊர்ச் சாதிச் சங்கங்களையும் அவற்றின் மகமையையும் விளக்குகிறது. மூட்டைக்கு இவ்வளவு, விற்பனைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு கடைக்காரரும் போட்ட சிறு தொகையில் கிணறும் சத்திரமும் பள்ளிக்கூடமும் எழுந்தன. விருதுநகரில் வீட்டுக்கு வீடு எடுத்துவைத்த பிடி அரிசியும் பள்ளிக்குப் போயிற்று. அங்கே சத்திரிய வித்யாசாலையில் படித்த காமராஜர்தான் பின்னாளில் ஊர் ஊராகப் பள்ளி திறந்த முதலமைச்சர். 1921-இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, அதே கூட்டு முயற்சியில் பிறந்தது. கோவையில் பி.எஸ். கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு மகன்கள் 1926-இல் சொத்தைப் பிரித்தபோது ஐந்து பங்காகப் பிரித்தார்கள். ஐந்தாவது பங்கு அறத்துக்கு, அதிலிருந்து வந்தவைதான் பி.எஸ்.ஜி. கல்வி நிறுவனங்கள். தருமத்தைக் கூடப்பிறந்த ஒருவனாக எண்ணிப் பங்கு பிரித்த அந்தச் செயலில், நல்ல குடும்பஸ்தராக இருப்பதும் ஊருக்குக் கொடுப்பதும் ஒன்றையொன்று தின்ன வேண்டியதில்லை என்ற தெளிவு இருக்கிறது. பெரிய குடும்பங்களின் இந்த வரலாறு நமக்குத் தெரிய வந்தது ஆவணம் இருந்ததால். ஒற்றைக் கடை வைத்திருந்தவருக்கு அந்த ஆவணம் இல்லை, அல்லது இருந்தும் எடைக்குப் போய்விட்டது.

இதற்கு மறுப்புகள் வரும். முதலாவது, கொடுத்ததைச் சொல்லிக் காட்டலாமா என்பது. உங்கள் தாத்தாவே இதை விரும்பியிருக்கமாட்டார் என்று நீங்கள் சொல்லக்கூடும், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நினைவு மலரில் குடமுழுக்கு நன்கொடையை அச்சிடும்போது இந்தக் கூச்சம் வருவதில்லை. வெளியே தெரியும்படி கொடுத்ததை எழுதுவோம், தெரியாமல் கொடுத்ததை எழுதமாட்டோம் என்றால், ஈகை என்றால் மேடை என்ற பாடத்தைத்தான் அடுத்த தலைமுறைக்கு விட்டுப்போகிறோம். இந்த மறுப்புக்குள் வேறொரு நியாயம் இருக்கிறது, அதை நான் முழுமையாக ஏற்கிறேன். கடன் நோட்டில் இருப்பவை மற்றவர்களின் பெயர்கள். கடன் வாங்கியவரின் பிள்ளை இன்று அதே ஊரில் ஆசிரியராக இருக்கலாம். அவருடைய அப்பாவின் இல்லாமையை உங்கள் அப்பாவின் பெருமைக்கு விளக்காக ஏற்றி வைக்க உங்களுக்கு உரிமையில்லை. எனவே பெயர்களை ஒருபோதும் அச்சிடாதீர்கள், அடையாளம் தெரியும் விவரத்தையும் எழுதாதீர்கள். கஜா அடித்த மாதம் இத்தனை குடும்பங்களின் பாக்கி நிறுத்திவைக்கப்பட்டது என்று எழுதினால் போதும். யாருக்கு என்பது தேவையில்லை.

இரண்டாவது மறுப்பு, இதெல்லாம் வியாபாரத் தந்திரம் என்பது. கடன் கொடுத்தால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போகமாட்டார், நல்ல பெயர் இருந்தால் மண்டியில் தவணை கிடைக்கும், வேலையாளை அணைத்துப் போனால் அவர் சம்பள உயர்வு கேட்கமாட்டார். இதில் பொய் இல்லை. சென்னை ஜார்ஜ் டவுன் வணிகர்களிடையே ஆய்வு செய்த மானிடவியலாளர் மாட்டிசன் மைன்ஸ், பெரிய மனிதர் என்ற பெயர் ஒருவருக்குத் தொழிலிலும் செல்வாக்கிலும் எவ்வளவு பெரிய முதலாகப் பயன்பட்டது என்று விரிவாகவே காட்டியிருக்கிறார். இருந்தும் ஒன்று கேட்கிறேன். லாபம் தரும் நேர்மை நேர்மை இல்லாமல் போய்விடுமா? கடைக்காரர் துறவி இல்லை, கடை நடந்தால்தான் நாளைக்கும் கடன் கொடுக்க முடியும். தந்திரத்தையும் மனசையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. இனி ஒருபோதும் திரும்பி வாங்க வராதவரிடம் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். ஊரைவிட்டே போன குடும்பத்தின் பாக்கி, இறந்துபோன தொழிலாளியின் விதவைக்கு அனுப்பிய பணம், கண் தெரியாமல் போன பழைய எடைபோடுபவருக்கு மாதாமாதம் கொடுத்தது, இவற்றில் வியாபார லாபம் எதுவும் இல்லை. அப்படிப்பட்ட பதிவுகள் நோட்டில் இருந்தால் மறுப்புக்கு விடை கிடைத்துவிட்டது. இல்லாவிட்டால் நினைவு மலரில் வள்ளல் என்ற சொல்லைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. முதலாளியின் கருணையைப் புகழ்வது தொழிலாளியின் உரிமையை மறக்கடிப்பதாகாதா? ஆகும், கவனமில்லாமல் புகழ்ந்தால் நிச்சயம் ஆகும். தென்மாவட்டக் கிராமங்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் சென்னை மளிகைக் கடைகளுக்கு வந்த பையன்கள் எத்தனை பேர்! கடையிலேயே சாப்பாடு, சாக்குமூட்டை மேலேயே படுக்கை, விடியலிலிருந்து நள்ளிரவு வரை வேலை. சம்பளம் ஊருக்குப் போகும்போது மொத்தமாகக் கொடுக்கப்படும் என்றிருந்தால், அது பையன் பெயரில் சேர்ந்த பணமா, முதலாளி வட்டியில்லாமல் பயன்படுத்திய பணமா? அந்தப் பையன்களில் சிலர் பின்னாளில் அதே முதலாளியின் உதவியில் சொந்தக் கடை வைத்தார்கள், அது பெரிய காரியம். படிப்பை இழந்தார்கள், அதுவும் அதே அளவு உண்மை. பெரிய ஜவுளிக் கடைகளில் நாள் முழுக்க நிற்கவைத்து வேலை வாங்கியதை 2010-இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் தமிழ்நாட்டுக்கு முன் வைத்தது. கடையில் வேலை செய்பவருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது 2021-இல்தான். ஓர் இருக்கைக்குச் சட்டம் வேண்டியிருந்தது என்பதை ஒவ்வொரு நினைவு மலர் ஆசிரியரும் எழுதுவதற்கு முன் ஒருமுறை நினைக்க வேண்டும்.

ஆனால் இந்த மறுப்பே என் வேண்டுகோளுக்கு வலுச் சேர்க்கிறது. வேலையாளை நிற்க வைத்தே தேய்த்தவரும், சட்டம் வருவதற்கு நாற்பதாண்டு முன்பே நாற்காலி போட்டவரும் ஒரே மாதிரி வள்ளல் என்று அச்சாகிறார்கள். வேறுபாடு தெரியவேண்டுமானால் விவரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை விட்டாரா? தீபாவளிக்குப் போனஸ் பணமாகவா, துணியாகவா? வேலைக்கு வந்த பையனைப் பள்ளிக்கு அனுப்பினாரா? அட்வான்ஸ் கொடுத்தால் அதை வைத்து ஆளைக் கட்டிப்போட்டாரா, வேறு நல்ல வேலை கிடைத்தபோது பாக்கியைத் தள்ளி வாழ்த்தி அனுப்பினாரா? இந்தக் கேள்விகளை நீங்கள் கடையில் வேலை பார்த்த மூத்தவர்களிடம் கேட்க வேண்டும். அதுவும் முதலாளி வீட்டுப் பிள்ளையாகப் போய்க் கல்லாவுக்கு முன்னால் நிற்கவைத்துக் கேட்டால் நல்லதை மட்டும்தான் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்குப் போங்கள், அல்லது வெளியாள் ஒருவரை அனுப்பிக் கேட்கச் சொல்லுங்கள். கசப்பான செய்தி வந்தால் அதையும் எழுதுங்கள். மகமையில் எழுந்த பள்ளிகளிலும் சங்கங்களிலும் பல முதலில் அவரவர் சாதியை முன்னிறுத்தியே தொடங்கின என்பதை வரலாற்று நூல்கள் மறைக்கவில்லை. உங்கள் கடையில் யாருக்குக் கடன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, யார் கடைக்குள் வந்தார்கள், யார் படிக்கு வெளியே நின்று வாங்கினார்கள் என்பதையும் மறைக்க வேண்டாம். குறை உள்ள மனிதரின் நல்ல செயல்தான் மற்றவர்களால் பின்பற்றக் கூடியது. குறையே இல்லாதவராக ஆக்கிவிட்டால் அவரைக் கும்பிடலாம், அவரிடமிருந்து எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

குடும்பஸ்தர் என்ற புகழ்ச்சிக்குள் ஒளிந்திருக்கும் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கடைக்காரர் அறுபதாண்டு தாராளமாக இருந்தார் என்றால் அதில் பாதி அவர் மனைவியின் உழைப்பும் நகையும். பொட்டலம் மடித்தது, கடைப் பையன்களுக்கு மூன்று வேளை சமைத்தது, மண்டித் தவணைக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தது, மதியம் அவர் சாப்பிட்டுப் படுத்தபோது கல்லாவில் உட்கார்ந்தது, இவற்றுக்கு எந்த நோட்டிலும் சம்பள வரி இல்லை. நினைவு மலரில் மனைவிக்குக் கிடைப்பது ‘உற்ற துணையாக இருந்தார்’ என்ற வரி. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற கமலாத்தாளை 2019-இல் நாடே வியந்தது. அந்த விலை எப்படிச் சாத்தியமாயிற்று என்று யோசித்தால் பதில் எளிது: அவர் தன் உழைப்புக்கு முழுக் கூலி போட்டுக்கொள்ளவில்லை. விலை குறைவாக இருக்கும் இடத்தில் யாரோ ஒருவர் தன் கூலியை விட்டுக்கொடுத்திருக்கிறார். கமலாத்தாள் விட்டுக்கொடுத்தது தன்னுடையதை, தானே விரும்பி. உங்கள் கடையில் விட்டுக்கொடுத்தது யார், அவரிடம் யாராவது கேட்டார்களா என்று உங்கள் பாட்டியிடம், அம்மாவிடம் உட்கார்ந்து கேளுங்கள். அடகுச் சீட்டுகள் இருந்தால் தேதியைக் கடன் நோட்டின் தேதியோடு பொருத்திப் பாருங்கள். நகை போன மாதமும் ஊருக்குக் கடன் ஏறிய மாதமும் ஒன்றாக இருந்தால் அந்த ஈகை இருவருடையது. மலரின் அட்டையில் இருவர் படமும் இருக்க வேண்டும்.

இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக இரண்டு சான்றுகள். யாழ்ப்பாணத்தில் இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியை ஒட்டி நூல் வெளியிடும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அந்த நினைவு மலர்களை 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ மின்னூலகம் தேடித் தேடிப் பதிவேற்றி வைத்திருக்கிறது. போரில் ஊர்களையும், போருக்கு முன்பே யாழ்ப்பாண நூல்நிலையத்தையும் தீயில் இழந்த ஒரு சமூகத்துக்கு, சாதாரண மனிதர்களின் மலர்களே குடும்ப வரலாறாகவும் ஊர் வரலாறாகவும் நிற்கின்றன. இங்கே தமிழ்நாட்டில் கோட்டையூர் ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தவர். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கிய நாடக நோட்டீஸ்களையும் பழைய அச்சுத் தாள்களையும் நூல்களோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு லட்சம் வரை திரட்டினார். 1992-இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரத்தை வாங்கி, சென்னையில் வைத்து ஆராய்ச்சி நூலகமாக்கியது. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுபவர் அதைத் தொடாமல் எழுத முடியாது. அவரும் ஒரு சிறுதொழில்காரர்தான். வணிகர் சங்கங்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஆண்டுதோறும் மே 5-இல் வணிகர் தின மாநாடு நடத்தும் அமைப்புகள், மாவட்டத்துக்கு ஒரு பீரோவை ஒதுக்கி உறுப்பினர் குடும்பங்களின் பழைய நோட்டுகளை வாங்கி வைப்பது பெரிய செலவில்லை.

உங்களிடம் கேட்பது அதிகமில்லை. கடையைப் பிரிக்கும்போதோ, புதுப்பிக்கும்போதோ, பில் போடும் இயந்திரம் வாங்கும்போதோ பரணில் கிடக்கும் நோட்டுகளை எடைக்குப் போடாதீர்கள். கரையான் ஏறாத இடத்தில் ஆண்டு வாரியாக அடுக்கி வையுங்கள். முக்கியமான பக்கங்களைக் கைப்பேசியிலாவது படமெடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த நினைவு மலரில் உறவினர் பட்டியலை ஒரு பக்கமாகச் சுருக்கி, மிஞ்சும் பக்கங்களைக் கடைக்குக் கொடுங்கள்: என்ன விற்றார், எங்கே வாங்கினார், யார் யார் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார்கள், அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், எந்த ஆண்டு நஷ்டம், அந்த ஆண்டு எப்படிச் சமாளித்தார். கடையில் வேலை பார்த்தவர்களின் பெயர்களை அவர்கள் சம்மதத்தோடு முழுப்பெயராக அச்சிடுங்கள், பையன் என்று போடாதீர்கள். 1957-இல் கடையில் நின்ற இளைஞர்கள் இன்று எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களைப் பார்க்க இந்த மாதமே கிளம்புங்கள்.